கேளிக்கைக்குப் போகும் வழிச்செலவு: நாம்பள்ளி முதல் ரவிர்யாலா வரை

கோடை விடுமுறை நெருங்கினால் தமிழ்நாட்டு நண்பர்களிடமிருந்து ஒரே கேள்வி பல வடிவங்களில் வந்துகொண்டிருக்கும். நாலு பேர் ஐதராபாத் வந்து திரும்ப எவ்வளவு ஆகும்? ராமோஜி திரைப்பட நகரத்துக்கு ஒரு நாள், வொண்டர்லாவுக்கு ஒரு நாள், சார்மினாருக்கும் பிரியாணிக்கும் ஒரு நாள் என்று திட்டத்தை முன்பே வகுத்திருப்பார்கள். கணக்குப் போட்டுப் பார்த்தால் பெரும்பாலும் பூங்காவின் நுழைவுச்சீட்டைவிட, அங்கே போய்ச் சேரவும் தங்கவும் உண்ணவும் ஆகும் தொகையே மிஞ்சி நிற்கும். கேளிக்கையின் வரலாற்றை எழுதுவோர் ராட்டினத்தின் உயரத்தைச் சொல்வார்கள். அந்த ராட்டினத்தடிக்கு வந்து சேர்ந்த குடும்பம் எத்தனை மாதம் காசு சேர்த்தது என்று கேட்பது குறைவு. ஐதராபாதை வைத்து அந்தக் கேள்வியைக் கொஞ்சம் கேட்டுப் பார்க்கலாம்.

இந்நகரின் பெரிய கேளிக்கைக் களம் பூங்காவாகப் பிறக்கவில்லை. 1938-இல் உஸ்மானியா பல்கலைக்கழகப் பட்டதாரிகள் சிலர், ஐதராபாத் சமஸ்தானத்துக்கு ஒரு பொருளாதாரக் கணக்கெடுப்பு வேண்டும், அதற்கான பணத்தை ஒரு கண்காட்சி நடத்தித் திரட்டலாம் என்று எண்ணினார்கள். ‘நுமாயிஷ் மஸ்னுஆத்-ஏ-முல்கி’, அதாவது உள்நாட்டு உற்பத்திப் பொருள்களின் கண்காட்சி என்று அதற்குப் பெயர். பாக்-ஏ-ஆம் எனப்பட்ட பொதுத் தோட்டத்தில் பத்து நாள் நிகழ்ச்சியாக அது நடந்தது. ஏழாம் நிஜாம் மீர் உஸ்மான் அலி கான் திறந்து வைத்தார். கையிலிருந்த முதல் இரண்டரை ரூபாய் என்பது இன்றுவரை சொல்லப்பட்டுவரும் செய்தி. இத்தகைய தொடக்கக் கதைகளை அப்படியே விழுங்கிவிடக் கூடாதுதான். ஆனாலும் அரண்மனைக் கருவூலத்தின் செல்வத்தால் அன்றிப் படித்த இளைஞர்களின் வெறுங்கையால் எழுந்தது என்று இவ்விழா தன்னைப் பற்றிச் சொல்லிக்கொள்ள விரும்புவது கவனிக்கத்தக்கது. பெயரிலுள்ள ‘முல்கி’ என்ற சொல்லிலும் அக்கால அரசியல் இருக்கிறது. அரசு வேலைகள் மண்ணின் மக்களுக்கே என்ற முல்கி இயக்கத்தின் சூடு, துணியும் பொம்மையும் விற்ற கடைகளிலும் இருந்தது.

அன்று சென்னை மாகாணத்திலிருந்து ஒருவர் இதைக் காண வந்திருந்தால், அவரது செலவுக் கணக்கில் இன்று நாம் நினைத்தும் பார்க்காத ஓர் இனம் சேர்ந்திருக்கும். சமஸ்தானத்துக்குத் தனி நாணயம் இருந்தது: ஹாலி சிக்கா. பிரிட்டிஷ் இந்தியாவின் ஆறு ரூபாய்க்கு ஏறத்தாழ ஏழு ஹாலி ரூபாய் என்பது மாற்று விகிதம். ராட்டினம் ஏறுவதற்கு முன்பே நாணயம் மாற்ற வேண்டும்! சமஸ்தானம் இந்தியாவோடு இணைந்த பிறகும் இந்த நாணயம் சில ஆண்டுகள் புழக்கத்தில் இருந்து, 1950-களின் முடிவில்தான் முற்றிலும் மறைந்தது.

வழியைப் பொறுத்தவரை நிஜாமின் நாடு பின்தங்கியதன்று. வாடியிலிருந்து செகந்திராபாதுக்கு 1874-இலேயே ரயில் வந்துவிட்டது. 1889-இல் பெஜவாடா, அதாவது இன்றைய விஜயவாடா வரை பாதை நீண்டது. நாம்பள்ளி நிலையம் 1907-இலும் காச்சிகுடா நிலையம் 1916-இலும் எழுந்தன. 1932 ஜூனில் 27 பேருந்துகளும் 166 பணியாளர்களுமாக ஒரு சாலைப் போக்குவரத்துத் துறை தொடங்கப்பட்டது; அது நிஜாம் அரசின் ரயில்வேக்கு உட்பட்ட துறை. ரயிலும் பேருந்தும் ஒரே நிர்வாகத்தின் கீழ் இயங்கிய நாடு அது. மராத்வாடாவிலிருந்தோ வாரங்கலிலிருந்தோ தலைநகருக்கு மூன்றாம் வகுப்பில் வந்து திரும்புவது எளிய குடும்பத்துக்கும் எட்டாத கனவாக இல்லை.

1946-இல் திவானாக இருந்த சர் மிர்சா இஸ்மாயில் கண்காட்சிக்கு நாம்பள்ளியில் நிரந்தர இடம் ஒதுக்கினார். மைசூரில் திவானாக இருந்தபோது நகர அழகுக்காகப் பெயர் பெற்றவர் அவர். பெருகிவரும் கூட்டத்துக்குப் பொதுத் தோட்டம் போதவில்லை என்பது நிர்வாகக் காரணம். அதன் விளைவு காரணத்தைவிடப் பெரிது. ரயில் நிலையத்திலிருந்து மூட்டையையும் குழந்தையையும் தூக்கிக்கொண்டு நடந்தே வந்துவிடக்கூடிய இடத்தில் திடல் அமைந்தது. வண்டி கிடையாது, வண்டிச் சத்தமும் கிடையாது. சென்னையிலிருந்து மாலையில் புறப்படும் சார்மினார் விரைவு வண்டி இன்றும் இந்த நாம்பள்ளியில்தான் ஓட்டத்தை முடிக்கிறது. இடத்தேர்வைப் போலக் கேளிக்கையின் விலையைத் தீர்மானிப்பது வேறொன்றில்லை என்றே நான் கருதுகிறேன்.

இங்கிலாந்தின் வரலாறும் இதைத்தான் காட்டுகிறது. 1851-இல் லண்டன் ஹைட் பூங்காவில் மாபெரும் கண்காட்சி திறந்தபோது ஆடவருக்கான பருவச்சீட்டு மூன்று கினி. மே 26 முதல் வாரத்தில் நான்கு நாள்கள் ஒரு ஷில்லிங் என்று குறைத்த பிறகே உழைக்கும் மக்கள் வந்தார்கள். சீட்டு விலைக் குறைப்பு மட்டும் அவர்களைக் கொண்டுவரவில்லை. ஊர்தோறும் கண்காட்சிச் சேமிப்புக் கழகங்கள் வைத்து வாரந்தோறும் சில காசுகள் கட்டினார்கள். தாமஸ் குக் போன்றோர் ரயில் நிறுவனங்களிடம் பேசிச் சலுகைக் கட்டணத்தில் லட்சத்துக்கு மேற்பட்டோரை லண்டனுக்கு அழைத்துச் சென்றார்கள். பின்னர் லங்காஷயர் பஞ்சாலைத் தொழிலாளர்கள் ஆண்டுக்கொரு வாரம் பிளாக்பூல் கடற்கரைக்குப் போவதற்கென்றே வருடம் முழுவதும் சீட்டுக் கட்டினார்கள். நியூயார்க்கில் 1920-இல் சுரங்க ரயில் கோனி தீவை எட்டி, ஐந்து காசு நாணயத்தில் அங்கே போகலாம் என்றானதும் கூட்டம் கடலாயிற்று. கடற்கரையும் ராட்டினங்களும் அதற்கு முன்பும் அங்கேதான் இருந்தன.

நமக்கும் இது புதிதன்று. தீபாவளிச் சீட்டு, நகைச் சீட்டு, பழனிக்கும் வேளாங்கண்ணிக்கும் போவதற்கான சுற்றுலாச் சீட்டு என்று தெருவுக்கொரு பெண்மணி நோட்டுப் புத்தகம் வைத்து நடத்தும் நிதி நிர்வாகத்தை யாரும் பொருளாதார வரலாற்றில் சேர்ப்பதில்லை. அரசு ஊழியருக்கு வேறொரு வழி திறந்தது. மத்திய அரசு 1956-இல் விடுமுறைப் பயணச் சலுகையைக் கொண்டுவந்தது. தொடக்கத்தில் சொந்த ஊர் போய்வருவதற்காக ஏற்பட்டது, பிற்காலத்தில் இந்தியாவின் எப்பகுதிக்கும் என்று விரிந்தது. நம் குடும்ப ஆல்பங்களில் சார்மினாருக்கு முன்னால் விறைத்து நிற்கும் படங்களில் கணிசமானவை இந்தச் சலுகையின் உபயம்.

சமஸ்தானத்தின் கொந்தளிப்பான ஆண்டுகளில் தடைபட்ட கண்காட்சி 1949-இல் மீண்டும் கூடியது. முந்தைய செப்டம்பரில்தான் இந்தியப் படை ஐதராபாதுக்குள் நுழைந்திருந்தது. திறந்து வைத்தவர் தலைமை ஆளுநராக இருந்த ராஜாஜி. ‘உள்நாடு’ என்ற சொல்லின் எல்லை மாறிப்போனதால் பெயரும் அகில இந்தியத் தொழிற் கண்காட்சி என்றாயிற்று. மக்கள் வாயில் அது நுமாயிஷ்தான், இன்றும்.

பின்னாளில் அது ஜனவரி 1 முதல் பிப்ரவரி 15 வரை 46 நாள் திருவிழாவாக வளர்ந்தது. நம்மூர்ப் பொருட்காட்சியைப் பார்த்தவருக்கு அதன் பொருளாதாரம் உடனே புரியும். நுழைவுக் கட்டணம் சில பத்து ரூபாய்கள். 2023-இல் அது 40 ரூபாய். உள்ளே போன பின் எதற்கும் கட்டாயமில்லை. ராட்சத ராட்டினத்துக்குத் தனிக்காசு, மரணக் கிணற்றுக்குத் தனிக்காசு, சிறு ரயிலுக்குத் தனிக்காசு. பிள்ளைகளை மட்டும் ஏற்றிவிட்டுப் பெற்றோர் கீழே நிற்கலாம். எதிலும் ஏறாமல் விளக்குகளையும் மனிதர்களையும் பார்த்துவிட்டு ஒரு மிளகாய் பஜ்ஜியோடு திரும்பலாம். வேடிக்கை பார்ப்பது என்று தமிழில் நாம் சொல்வது இலவசம். அதற்கு மதிப்பு இல்லை என்று பொருளன்று.

அமெரிக்காவில் 1955-இல் திறந்த டிஸ்னிலாந்தும் நெடுங்காலம் இவ்வாறே, நுழைவுக்கு ஒரு தொகையும் ஒவ்வொரு விளையாட்டுக்கும் தனிச்சீட்டும் என்று நடந்தது. இந்த இரட்டைக் கட்டணம் யாருக்கு ஆதாயம் என்று பொருளியலாளர் வால்டர் ஓய் 1971-இல் எழுதிய கட்டுரை இன்றும் பாடமாக இருக்கிறது. உரிமையாளரின் வருவாய்தான் அவரது கேள்வி. அதைக் குடும்பத் தலைவியின் பக்கத்திலிருந்து திருப்பிக் கேட்டால் விடை வேறாகும். தனித்தனிச் சீட்டு என்றால், செலவை எந்தக் கணத்திலும் நிறுத்தும் அதிகாரம் அவள் கையில் இருக்கிறது. 1982-இல் டிஸ்னிலாந்து ஒரே கட்டணத்துக்கு மாறியது. பின்வந்த பூங்காக்கள் பலவும் அதே வழியைப் பின்பற்றின.

ஐதராபாதில் அந்த மாற்றம் ஊருக்கு வெளியே நடந்தது. ராமோஜி ராவ் 1996-இல் விஜயவாடா நெடுஞ்சாலையில் 1666 ஏக்கரில் திரைப்பட நகரை அமைத்தார். படப்பிடிப்புக்கென எழுந்த அரங்குகளே சுற்றுலாப் பயணியின் காட்சிப் பொருளாயின. 158 கிலோமீட்டர் வெளிவட்டச் சாலை உருவான பின், கொச்சியிலும் பெங்களூரிலும் பூங்கா நடத்திவந்த வொண்டர்லா 2016-இல் அச்சாலையையொட்டி ரவிர்யாலாவில் கிளை திறந்தது. இத்தகைய இடங்களுக்குப் பரந்த நிலம் வேண்டும். நகருக்குள் அந்த விலைக்கு நிலம் ஏது? காரணம் நியாயமானதே. பாதுகாப்பு, தூய்மை, வரிசை ஒழுங்கு ஆகியவற்றில் அவை திடல் பொருட்காட்சியைவிடப் பல படி மேல் என்பதையும் மறுப்பதற்கில்லை. குழந்தையின் வயதைக் கேட்காமல் உயரத்தை அளந்து சீட்டுக் கொடுப்பதில் ஒரு நேர்மைகூட இருக்கிறது. ரயிலில் நம் பிள்ளைகள் ஆண்டுக்கணக்கில் ஐந்து வயதுக்குள்ளேயே இருந்தவர்கள் அல்லவா.

ஆயினும் சுமை இடம் மாறியது. நாம்பள்ளியில் இறங்கி நடந்தவர், இப்போது நகரின் விளிம்புக்கு முப்பது கிலோமீட்டர் போக வாடகைக் கார் பேச வேண்டும். நின்று வேடிக்கை பார்க்கும் பாட்டிக்கும் சீட்டு எடுக்க வேண்டும். கட்டுச்சோறு என்ற நம் பழைய சிக்கனமும் அங்கே செல்லாது. புளியோதரைப் பொட்டலமும் தயிர்சாதத் தூக்கும்தான் தமிழ்க் குடும்பத்தின் நெடும்பயணத்தைச் சாத்தியமாக்கின. இத்தகைய பூங்காக்கள் பெரும்பாலும் வெளியுணவை வாசலிலேயே நிறுத்திவிடுகின்றன. முன்பு நூறு சிறு முடிவுகளாக இருந்த செலவு, இப்போது வீட்டை விட்டுப் புறப்படும் முன்பே எடுத்தாக வேண்டிய ஒரே பெரிய முடிவாகிவிட்டது. அந்த முடிவை எடுக்க இயலாதவர் வாசல்வரைகூட வருவதில்லை. அதனால் அவர் எந்தப் புள்ளிவிவரத்திலும் இல்லை.

எதிர்த்திசையிலும் ஒரு நகர்வு நடந்திருக்கிறது. 2018-இல் மெட்ரோ ரயில் நாம்பள்ளி வழியே ஓடத் தொடங்கியது. காந்தி பவன் நிலையத்தில் இறங்கினால் கண்காட்சித் திடல் அருகிலேயே இருக்கிறது. 2023 டிசம்பர் 9 முதல் தெலங்கானாவில் அரசின் சாதாரண, விரைவுப் பேருந்துகளில் மாநில எல்லைக்குள் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. தமிழ்நாட்டில் 2021-இல் நகரப் பேருந்துகளுக்கு வந்த திட்டத்தைவிட இதன் தூரம் நீளமானது. மகபூப்நகரில் ஏறும் ஒரு பெண் தன் மகளோடு நுமாயிஷ் பார்த்துத் திரும்ப வழிச்செலவு சுழியம் என்பதை, 1932-இல் அந்த 27 பேருந்துகளை ஓட்டியவர்கள் நம்பியிருக்க மாட்டார்கள். கண்காட்சியில் பெண்களுக்கென்றே ஒரு நாளும் ஒதுக்கப்படுவதுண்டு. அதன் வருவாய் கல்வி நிறுவனங்களுக்குப் போகிறது. சரோஜினி நாயுடு வனிதா மகாவித்யாலயா போன்ற பெண்கள் கல்லூரிகள் அந்தப் பணத்தில் வளர்ந்தவை.

பார்க்க வருவோரை மட்டுமே எண்ணிக்கொண்டிருந்தால் நெடுந்தொலைவு பயணிக்கும் மற்றொரு கூட்டம் விடுபட்டுப்போகும். ஒவ்வொரு குளிர்காலத்திலும் காஷ்மீரிலிருந்து சால்வையும் உலர்பழமும், லக்னோவிலிருந்து சிக்கன் பூவேலைத் துணியும் சுமந்து வணிகர்கள் இத்திடலுக்கு வருகிறார்கள். கடை வாடகை, ஒன்றரை மாதத் தங்கல், சரக்குக் கூலி எல்லாவற்றையும் முன்கூட்டியே கட்டிவிட்டு, பிப்ரவரி நடுவில் எது மிஞ்சும் என்று தெரியாமல் விளக்கடியில் உட்கார்ந்திருப்பவர்கள் அவர்கள். 2019 ஜனவரி 30 இரவு மூண்ட தீயில் ஏராளமான கடைகள் சாம்பலாயின. காஷ்மீர் வணிகர் பலர் கொண்டுவந்த சரக்கு முழுவதையும் இழந்தனர். சில நாள்களில் கண்காட்சி மறுபடி திறந்தது. 2021-இல் பெருந்தொற்றால் நடக்கவே இல்லை. 2022-இல் தொடங்கிய வேகத்தில் நின்று, பிப்ரவரி இறுதியில்தான் மீண்டது. அதற்குள் ஐதராபாதில் வெயில் ஏறத் தொடங்கியிருந்தது. கம்பளி விற்பவருக்கு அது என்ன கணக்கு என்பதை நீங்களே போட்டுப் பார்த்துக்கொள்ளலாம்.