பழைய லெகோ பெட்டிகள்: சேகரிப்பும் மீட்பும்

டென்மார்க்கின் பில்லுண்ட் என்ற சிற்றூரில் பிறந்த பிளாஸ்டிக் கட்டுமானப் பொம்மை லெகோ. அதன் பழைய பெட்டிகளைத் தேடிச் சேர்ப்பதும், சிதறிக் கலந்துபோன கட்டைகளிலிருந்து ஒரு பெட்டியை அது கடைக்கு வந்த ஆண்டில் இருந்தபடியே திரும்ப முழுமையாக்குவதும் இன்று பல நாடுகளில் பெரியவர்கள் ஈடுபட்டுச் செய்யும் வேலை. தபால்தலை சேர்ப்பவர் கிடைத்ததை அப்படியே காப்பாற்றுகிறார். லெகோ சேர்ப்பவர் கிடைத்ததைப் பிரித்து, கழுவி, எண்ணி, இல்லாத துண்டை எங்கிருந்தாவது வரவழைத்து மறுபடி கட்டுகிறார். 1958-ஆம் ஆண்டின் கட்டை இன்று வாங்கும் கட்டையோடு இறுகப் பொருந்துவதால்தான் இது கைகூடுகிறது. இரண்டு குமிழ்களின் மையங்களுக்கு இடையே 8 மில்லிமீட்டர், கட்டையின் உயரம் 9.6 மில்லிமீட்டர் என்ற அளவு அன்றுமுதல் மாறவில்லை. அளவு மாறாவிட்டாலும் பிளாஸ்டிக் மாறியது, நிறம் மாறியது, அச்சு மாறியது. மீட்பவருடைய திறமை இந்த மாற்றங்களைக் கண்டுபிடிப்பதில்தான் இருக்கிறது.

கல்லில் தொடங்கிய முன்கதை

கட்டுமானப் பொம்மைகளைப் பெரியவர்கள் சேர்ப்பது லெகோவோடு தொடங்கியதல்ல. ஜெர்மனியின் ருடோல்ஸ்டாட் நகரில் ஃப்ரீட்ரிக் அடால்ஃப் ரிக்டர் 1880-களில் 'ஆங்கர்' கல் கட்டைகளைத் தயாரித்து விற்றார். மணல், சுண்ணப்பொடி, ஆளிவிதை எண்ணெய் ஆகியவற்றைக் கலந்து அழுத்திச் செய்த அந்தக் கட்டைகளை உருவாக்கியவர்கள் ஓட்டோ லிலியந்தால், குஸ்டாவ் லிலியந்தால் என்ற சகோதரர்கள். ஓட்டோ பின்னாளில் சறுக்கு வானூர்தியில் பறந்து புகழ்பெற்று, 1896-இல் விபத்தில் உயிரிழந்தவர். சிறிய பெட்டி வாங்கியவர் ஒரு துணைப்பெட்டி வாங்கினால் அது அடுத்த பெரிய பெட்டியாகிவிடும். வாங்கியதன் மேல் வாங்கிச் சேர்க்கும் இந்த ஏற்பாட்டை ரிக்டர்தான் வளர்த்தெடுத்தார். கிழக்கு ஜெர்மனியில் 1963-இல் உற்பத்தி நின்றது. 1979-இல் நெதர்லாந்தில் ஆங்கர் ஆர்வலர் சங்கம் ஒன்று உருவானது. 1995-இல் அதே ருடோல்ஸ்டாட்டில் உற்பத்தி மீண்டும் தொடங்கியது. தயாரிப்பு நின்றுபோன காலத்திலும் பொம்மைக்கு உயிர் இருந்ததென்றால், சேகரிப்பவர்களும் அதற்கு ஒரு காரணம்.

கட்டையின் வயது

தச்சரான ஓலே கிர்க் கிறிஸ்டியன்சன் 1932-இல் மரப்பொம்மை செய்யத் தொடங்கினார். 'நன்றாக விளையாடு' என்று பொருள்தரும் இரண்டு டேனிஷ் சொற்களைச் சுருக்கித் தம் நிறுவனத்துக்கு லெகோ என்று பெயரிட்டார். இரண்டாம் உலகப்போருக்குப் பின் பிளாஸ்டிக் வார்ப்பு எந்திரம் வாங்கி, 1949-இல் 'ஆட்டோமேட்டிக் பைண்டிங் பிரிக்ஸ்' என்ற பெயரில் முதல் கட்டைகளை வெளியிட்டார். அவற்றின் மூலவடிவம் இங்கிலாந்தின் ஹிலாரி ஃபிஷர் பேஜ் உருவாக்கிய கிடிகிராஃப்ட் கட்டை. லெகோ அதன் அங்குலக் கணக்கை மெட்ரிக் அளவுக்கு மாற்றி, குமிழின் வளைந்த தலையைத் தட்டையாக்கியது. பேஜ் 1957-இல் காலமானார். கிடிகிராஃப்ட் கட்டையின் உரிமைகளை லெகோ 1981-இல்தான் வாங்கியது. பேஜுக்குரிய இடத்தை லெகோ வரலாறு நெடுங்காலம் தரவில்லை. லெகோ முழுத் தொகுப்பு வைத்திருக்கிறேன் என்பவரின் அலமாரியில் ஒரு கிடிகிராஃப்ட் பெட்டியும் இருப்பதே நியாயம்.

முதல் கட்டைகள் உள்ளே வெறும் கூடு. கதவும் சன்னலும் செருகுவதற்காகப் பக்கவாட்டில் ஒரு பிளவு இருக்கும். ஒன்றன்மேல் ஒன்று உட்காரும், ஆனால் பிடிப்பு போதாது. 1955-இல் நகர அமைப்பு வரிசை வந்தபோது எல்லாப் பெட்டிகளும் ஒன்றோடொன்று சேரவேண்டும் என்ற கொள்கை உருவானது. ஓலேயின் மகன் கோட்ஃப்ரெட் 1958 ஜனவரி 28 அன்று அடிப்புறத்தில் குழல்கள் கொண்ட கட்டைக்குக் காப்புரிமை கோரினார். மேலேயுள்ள குமிழை அடியிலுள்ள குழலும் சுவரும் சேர்ந்து கவ்விக்கொள்ளும் முறை அது. ஓலே அந்த மார்ச்சிலேயே இறந்தார். 1960-இல் தீவிபத்து மரப்பொம்மைக் கிடங்கை அழித்தது; அதன்பின் நிறுவனம் மரத்தை விட்டுவிட்டது.

சேகரிப்பவருக்கு 1963-உம் முக்கியமான ஆண்டு. அதுவரை கட்டைகள் செல்லுலோஸ் அசிடேட்டில் வார்க்கப்பட்டன. அந்தப் பிளாஸ்டிக் காலப்போக்கில் சுருங்கி நெளியும். நெளிந்த கட்டையை நேராக்க நல்ல வழி எதுவும் இல்லை. 1963 முதல் ஏபிஎஸ் வந்தது. வடிவம் குலையாத, பளபளப்பான பிளாஸ்டிக். ஆகவே ஒரு பழைய கட்டை கையில் வந்ததும் மீட்பவர் அதைத் திருப்பிப் பார்க்கிறார். உள்ளே குழல் உண்டா, பக்கத்தில் பிளவு உண்டா, குமிழில் பெயர் எந்த எழுத்துருவில் இருக்கிறது, அடியில் காப்புரிமை நிலுவை என்ற குறிப்பு உண்டா, ஓரம் நேராக இருக்கிறதா? இவற்றைப் பார்த்தாலே கட்டை எந்தக் காலத்தது என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம். எல்லாக் கட்டைகளும் டென்மார்க்கில் வார்த்தவையல்ல என்பதையும் நினைவில் வைக்கவேண்டும். வட அமெரிக்காவில் 1961 முதல் சாம்சோனைட் என்ற பயணப்பெட்டி தயாரிப்பு நிறுவனம் உரிமம் பெற்று லெகோவைத் தயாரித்தது. அந்தத் தயாரிப்புகளை ஐரோப்பியக் கட்டைகளோடு கலந்துவிடாமல் தனியாக வைப்பது சேகரிப்பவர்களின் வழக்கம்.

பெரியவர்கள் திரும்பிவந்தது

1964-இல் பெட்டிக்குள் கட்டும் வழிமுறைத் தாள் வந்தது. 1966-இல் ரயில் வந்தது. 1978-இல் கைகால் அசையும் குட்டி மனிதன் வந்தபோது, அதோடு நகரம், கோட்டை, விண்வெளி என்ற மூன்று உலகங்கள் திறந்தன. மஞ்சள் நிறத்தில் வந்த 375-ஆம் எண் கோட்டையும், 1979-இல் ஐரோப்பாவில் 928 என்றும் அமெரிக்காவில் 497 என்றும் எண்ணிட்டு வந்த 'கேலக்ஸி எக்ஸ்ப்ளோரர்' விண்கலமும் இன்றைய சேகரிப்பவர்கள் பலருடைய சிறுவயதுக் கனவுகள்.

சிறுவயதில் விட்ட விளையாட்டைப் பெரியவரானபின் மீண்டும் தொடும்வரை உள்ள இடைவெளியை இவர்கள் 'இருண்ட காலம்' என்கிறார்கள். வேலை கிடைத்து, வீடு அமைந்து, அம்மா பரண்மேல் எடுத்துவைத்த பெட்டி ஒருநாள் கீழே இறங்கும்போது அந்தக் காலம் முடிகிறது. 1990-களில் இணையம் பரவியதும் இப்படித் திரும்பியவர்கள் ஒருவரையொருவர் கண்டுகொண்டார்கள். மீட்புவேலையின் போக்கையே மாற்றியது 2000-இல் டான் ஜெசெக் தொடங்கிய 'பிரிக்பே' என்ற சந்தை. பின்னர் 'பிரிக்லிங்க்' என்று பெயர் மாறிய அதில், எந்தக் கட்டையையும் வடிவம், நிறம், வார்ப்பு வேறுபாடு பார்த்துத் தனித்தனியாக வாங்கலாம். ஒரேயொரு துண்டு குறைந்ததால் அரைகுறையாய்க் கிடந்த பெட்டியை நிறைவுசெய்ய அதற்குமுன் இன்னொரு பழைய பெட்டியையே தேடவேண்டியிருந்தது. ஜெசெக் 2010-இல் இளம் வயதிலேயே இறந்தார். 2019-இல் லெகோ நிறுவனமே பிரிக்லிங்கை வாங்கிக்கொண்டது.

மீட்கும் வேலை

வேலை பெரும்பாலும் எடைக்கு வாங்கிய குவியலிலிருந்து தொடங்குகிறது. பழம்பொருள் சந்தையில் கிடைக்கும் சில கிலோ கட்டைகளுக்குள் இரண்டு மூன்று பழைய பெட்டிகள் கலைந்து கிடக்கும். புதியவர் முதலில் நிறவாரியாகப் பிரிப்பார். அனுபவமுள்ளவர் வடிவவாரியாகப் பிரிக்கிறார். ஒரே வடிவமுள்ள குவியலில் சிவப்பு எது என்று கண் உடனே பிடித்துவிடும். சிவப்புக் குவியலுக்குள் ஒரு சின்னக் கீலைத் தேடுவது சிரமம். அரிதான, அச்சிட்ட ஒரு துண்டு கண்ணில் பட்டால் அது எந்தப் பெட்டிக்குரியது என்று தெரிந்துவிடும். பிறகு துண்டுப்பட்டியலை வைத்துத் தேடலாம்.

அடுத்தது கழுவுதல். 40 டிகிரி செல்சியசுக்கு மேற்படாத நீர், மிதமான சோப்பு, மென்மையான பல்துலக்கி, இவை போதும். கொதிநீரில் கட்டை உருமாறும், பிடிப்புத் தளரும். ஸ்டிக்கர் ஒட்டியவை, மோட்டார், பாட்டரிப் பெட்டி ஆகியவற்றை நனைக்கவே கூடாது. குழலுக்குள் தங்கும் நீர் காய நாளாகும். துவாலையின்மேல் பரப்பி நிழலில் உலர்த்தவேண்டும். பசைக்கறையைப் போக்க அசிட்டோன் தொட்டால் ஏபிஎஸ் கரைந்துவிடும். இந்த ஒரு தவறால் பாழான கட்டைகள் ஏராளம்.

அதிகம் விவாதிக்கப்படுவது மஞ்சளிப்பு. சன்னலோரம் வைத்த வெள்ளையும் சாம்பலும் பழுப்பேறும், நீலம் பச்சைச் சாயல் கொள்ளும். ஏபிஎஸ்ஸில் உள்ள பியூட்டடையீன் ரப்பர்ப் பகுதியைப் புறஊதா ஒளியும் ஆக்சிஜனும் சேர்ந்து தாக்குவதே முக்கியக் காரணம். 2008-வாக்கில் பழைய கணினி ஆர்வலர்கள் ஹைட்ரஜன் பெராக்சைடையும் வெயிலையும் கொண்டு கணினிக் கூடுகளை வெளுக்கும் முறையைப் பரப்பினார்கள். லெகோக்காரர்களும் அதை எடுத்துக்கொண்டார்கள். கட்டைகளை நீர்த்த பெராக்சைடில் மூழ்கவைத்து, மிதப்பவற்றை அழுத்திவைத்து, சில மணிநேரம் வெயில் காட்டினால் நிறம் மீள்கிறது. ஆனால் வெளுப்பது நிறம் மட்டுமே. பிளாஸ்டிக்குக்குள் அறுந்த சங்கிலி மீண்டும் கூடுவதில்லை. சில ஆண்டுகளில் மஞ்சள் திரும்பலாம், அளவு மீறினால் வெண்திட்டு விழும், அச்சிட்ட பகுதி மங்கும். பெட்டி முழுவதும் சீராக, இலேசாக மஞ்சளித்திருந்தால் அதை அப்படியே விடுவதே நல்லது. பத்தில் ஒன்று மட்டும் மஞ்சளித்து உறுத்தினால் வெளுக்கலாம்.

மங்கிய ஒளிபுகு கண்ணாடித் துண்டுகளைச் சிலர் உலோக மெருகுக்குழம்பால் பொறுமையாகத் தேய்த்துத் தெளிவாக்குகிறார்கள். பழைய 4.5 வோல்ட் ரயில்களில் கசிந்த பாட்டரியின் வெண்படிவை வினிகர் தொட்ட பஞ்சால் துடைத்தால் மின்முனை பிழைக்கும். உறை பொடிந்த கம்பியைப் புதிதாக மாற்றவேண்டும். விண்வெளி வீரர்களின் தொடக்ககாலத் தலைக்கவசத்தில் தாடைப்பட்டை மெல்லியது. முழுதாகக் கிடைப்பது அரிது. அதை ஒட்டியவர், விற்கும்போது ஒட்டியதைச் சொல்லியாகவேண்டும். இரண்டு மூன்று கட்டைகளின்மேல் சேர்த்து ஒட்டிய ஸ்டிக்கர்கள் பிரிக்கும்போது கிழியும். கணினியில் வரைந்து அச்சிட்ட நகல் ஸ்டிக்கர்கள் கிடைக்கின்றன. அவற்றை ஒட்டினாலும் அசல் என்று சொல்லக்கூடாது என்பது இந்த வட்டத்தின் எழுதாத சட்டம்.

காலப்பொருத்தம் என்பதில்தான் கண்டிப்பு அதிகம். 2004-வாக்கில் நிறுவனம் இலேசான சாம்பல், கருஞ்சாம்பல், பழுப்பு ஆகிய மூன்றையும் மாற்றியது. புதிய சாம்பலில் நீலச்சாயல் உண்டு. பழைய ரசிகர்கள் மனம் வருந்தி எதிர்த்தார்கள், ஆனாலும் மாற்றம் நிலைத்தது. 1980-களின் சாம்பல் கோட்டைச் சுவரில் ஒரேயொரு புதிய சாம்பல் கட்டை இருந்தாலும் பகல் வெளிச்சத்தில் காட்டிக்கொடுத்துவிடும். விளக்கொளியில் தெரியாது, அதனால் தேர்ந்தவர்கள் சாம்பலைப் பகலில்தான் பிரிப்பார்கள். வயது கூடினால்தான் உடையும் என்பதும் உண்மையல்ல. 2000-களிலும் அதற்குப் பின்னும் வார்த்த செம்பழுப்பு, கருஞ்சிவப்புத் துண்டுகள் பல, 1970-களின் சிவப்பைவிட எளிதில் நொறுங்குகின்றன. அதேசமயம் பழைய சிவப்பு, மஞ்சள் கட்டைகள் சிலவற்றில் காட்மியம் நிறமி இருப்பதைப் பரிசோதனைகள் காட்டியுள்ளன. அவற்றை உரசித் தூளாக்கக்கூடாது, வாயில் வைக்கும் வயதுக் குழந்தைக்குக் கொடுக்கவும் கூடாது.

விலையும் மறுவெளியீடும்

பிரிக்காத பெட்டிகளைப் பதுக்கி விற்பவர்களால் இது முதலீடாகவும் மாறியிருக்கிறது. மாஸ்கோவின் உயர்நிலைப் பொருளாதாரப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 1987 முதல் 2015 வரையிலான 2,322 பெட்டிகளின் மறுவிற்பனையை ஆராய்ந்து, ஆண்டுக்குச் சராசரியாக 11 சதவீத வருவாய் என்று கணக்கிட்டனர். சராசரி பலருக்கு ஆசைகாட்டியது. ஆனால் 2008-இல் 5,922 துண்டுகளோடு வெளிவந்த தாஜ்மகால் பெட்டியின் கதை வேறு. விற்பனை நின்றபின் அதன் விலை வெகுவாக ஏறியது. 2017-இல் நிறுவனம் அதே தாஜ்மகாலை 5,923 துண்டுகளோடு மீண்டும் வெளியிட, ஏறிய விலை சரிந்தது. 2007-இன் 'மில்லேனியம் ஃபால்கன்' விண்கலப் பெட்டிக்கும் அதே 2017-இல் இன்னும் பெரிய வாரிசு வந்தது. பெட்டியைப் பூட்டி வைத்திருந்தவர்கள் நட்டப்பட்டார்கள். கட்டி அனுபவிக்க ஏங்கியவர்கள் கடைவிலைக்கே வாங்கிக்கொண்டார்கள்.

2022-இல் கேலக்ஸி எக்ஸ்ப்ளோரரும் திரும்பிவந்தது. பழையதில் 338 துண்டுகள், புதியதில் 1,254. அதே நீலம், அதே மஞ்சள் கண்ணாடி. ஆனால் சாம்பல் மட்டும் 2004-க்குப் பிந்தைய சாம்பல். பழைய கலத்தை மீட்டு முடித்தவர்கள் இரண்டையும் ஒரே தட்டில் அருகருகே வைக்கிறார்கள். பகலில் பார்த்தால் இரண்டு சாம்பல்களும் தனித்தனியே தெரிகின்றன. 1979-இல் வார்த்த விண்வெளி வீரரை எடுத்துப் புதிய கலத்தின் குமிழ்மேல் அழுத்தினால், கிளிக்கென்று உட்காருகிறார்.