பூசப்பட்ட தழும்பு: ஒரு திரைப்படத் தலைக்கவசமும் சான்றின் இலக்கணமும்

1978 ஜூன் 28 அன்று, கலிஃபோர்னியாவில், ஜார்ஜ் லூகாஸின் குழுவினர் ஒரு புதிய கவச உடையைப் படக்கருவியின் முன் நிறுத்திச் சோதித்தனர். தலை முதல் கால் வரை வெள்ளை. ரால்ஃப் மெக்குவாரியும் ஜோ ஜான்ஸ்டனும் அதை முதலில் வடிவமைத்தது ஒரே தோற்றமுடைய வீரர்கள் நிறைந்த சிறப்புப் படையொன்றுக்காக. பின்னர் அப்படை கைவிடப்பட்டு, உடை ஒரு தனி மனிதனுக்கு, பணத்துக்காக ஆள்பிடிக்கும் போபா ஃபெட் என்னும் பாத்திரத்துக்கு உரியதாயிற்று. ஜான்ஸ்டன் அதற்கு வண்ணமும் தேய்மானமும் தீட்டினார். அதே ஆண்டு செப்டம்பர் 24 அன்று சான் அன்செல்மோ ஊர்வலத்தில் அவ்வுடை மக்கள்முன் நடந்து வந்தபோது, பச்சைத் தலைக்கவசத்தின் நெற்றியில் ஒரு பள்ளம் இருந்தது. பூச்சு ஆங்காங்கே உரிந்து உலோகம் தெரிந்தது.

1980இல் வெளியான ‘தி எம்பயர் ஸ்டிரைக்ஸ் பேக்’ படத்தில் இப்பாத்திரம் நான்கே இடங்களில் பேசுகிறது. முகம் ஒருமுறையும் காட்டப்படுவதில்லை. இருந்தும், அவன் பல போர்களைக் கண்டவன் என்பதில் பார்வையாளர் எவருக்கும் ஐயம் எழவில்லை. வசனம் சொல்லாத வரலாற்றை வண்ணப்பூச்சு சொல்லியது.

இதற்கான பின்னணி 1977இல் வெளிவந்த முதல் படத்திலேயே உண்டு. அதுவரை பெரும்பாலான அறிபுனைப் படங்களில் எதிர்காலம் என்பது துடைத்துவைத்த கண்ணாடி. லூகாஸ் கேட்டதோ பலர் புழங்கித் தேய்ந்த எதிர்காலம். அரங்கப் பொருள்களுக்குப் பழைய விமான உதிரிகள் பயன்பட்டன. உடைகளை வடிவமைத்த ஜான் மோலோ, படைச் சீருடைகளின் வரலாற்றை எழுதிவந்த அறிஞர். அப்படத்தில் பேரரசின் வீரர்கள் பளபளக்கும் வெண்கவசத்தில் வேறுபாடின்றி நிற்கின்றனர். எதிர்ப்போரின் கலங்களிலும் கருவிகளிலும் அழுக்கும் கீறலும் படிந்துள்ளன. தேய்மானம் இங்கே தனித்தன்மையின் குறி. வெள்ளைப் படைவீரன் போபா ஃபெட்டாக மாறியதும் இவ்விதியின்படியே.

தொழில்நுட்பத்தைக் கவனித்தால் இதன் தருக்கம் புலப்படும். உலோகம்போல் தோன்றும் வெள்ளி நிறம் முதலில் பூசப்படுகிறது. உரிந்ததாகத் தோன்றவேண்டிய இடங்களில் மறைப்புத் திரவமோ உப்புத் துகளோ இடப்படுகிறது. அதன்மேல் அடிநிறம், அதற்கும்மேல் புறநிறம். காய்ந்தபின் மறைப்பை உரித்தால் அடுக்குகள் ஒவ்வொன்றாக வெளிப்படும். இறுதியாக, நீர்த்த கரும்பழுப்பு வண்ணம் குழிகளில் தேங்கவிடப்படும். விளிம்புகள் முதலில் தேயும்; அழுக்கு பள்ளத்தில் சேரும்; துரு கீழ்நோக்கி வழியும். இம்மூன்று விதிகளில் ஒன்று மீறப்பட்டாலும் கண் அதை நம்ப மறுக்கிறது. அகழாய்வாளர் மேலிருந்து கீழே தோண்டிப் படிக்கும் அடுக்குகளை, ஓவியர் கீழிருந்து மேலே கட்டி எழுப்புகிறார்.

குறியியலில் சார்லஸ் பியர்ஸ், காரணத்தோடு பிணைந்த குறியைத் தனிவகையாகப் பிரித்தார்: நெருப்புக்குப் புகை, அடிக்குத் தழும்பு. தமிழ் மரபு இவ்வகைக் குறிக்கு இலக்கணமே வகுத்திருக்கிறது. விழுப்புண், புறப்புண் என்னும் இரு சொற்களில் காயத்தின் இடமே அதன் பொருள். நெற்றியில் பள்ளம் வைத்த கலைஞர் அறிந்தோ அறியாமலோ விழுப்புண்ணைத் தேர்ந்தார். ஆனால் இங்கே அடித்தவன் இல்லை, அடி இல்லை, தழும்பு மட்டும் உண்டு. காரணமின்றியே காரணத்தை ஊகிக்கவைக்கும் குறி இது.

இதன் அடுத்த கட்டம் இன்னும் வியப்புக்குரியது. 1997இல் தொடங்கிய 501ஆம் லீஜன் போன்ற ஆர்வலர் அமைப்புகளில், நகல் உடைகள் திரையில் கண்டவற்றோடு ஒத்திருக்கவேண்டும் என்னும் நெறி உண்டு. எனவே போபா ஃபெட் தலைக்கவசத்தின் கீறல்கள் ஒவ்வொன்றும் அளந்து படியெடுக்கப்படுகின்றன. 1980ஆம் ஆண்டுப் படத்தின் பூச்சும் 1983ஆம் ஆண்டுப் படத்தின் பூச்சும் வெவ்வேறானவை என்பதால், எந்தப் ‘பாடத்தை’ப் பின்பற்றுவது என்று முதலிலேயே முடிவுசெய்ய வேண்டியுள்ளது. தூரிகையின் போக்கில் ஒருமுறை விழுந்த தீற்றல், மாற்றக்கூடாத மூலபாடமாகிவிட்டது. ஏடு பெயர்த்தெழுதிய மரபை அறிந்தோருக்கு இது புதிதன்று.

வேடிக்கையாகத் தோன்றும் இக்கலை, வரலாற்று மாணவருக்கு ஒரு கடுமையான வினாவை முன்வைக்கிறது. இடைக்கால ஐரோப்பியக் கவசங்கள் பலவற்றின் மேற்பரப்பு, பிற்காலத்தவர் திரும்பத்திரும்பத் தேய்த்து மெருகிட்டதால் இழக்கப்பட்டது. நீலமோ கருமையோ ஏற்றப்பட்டிருந்தவைகூட இன்று வெள்ளிபோல் மின்னுகின்றன. மறுபுறம், 1839இல் ஸ்காட்லாந்தில் நடந்த எக்லிங்டன் வீரவிளையாட்டுக்குக் கவசங்கள் வழங்கிய லண்டன் வணிகர் சாமுவேல் பிராட், புதிதாகச் செய்த தலைக்கவசங்களைப் பழையவை என விற்றவராகவும் அறியப்படுகிறார். மெய்யான பொருள் சுத்தமாக இருக்க, பொய்யான பொருள் பழமை பேசும் நிலை திரைப்படத்துக்கு முன்பே இருந்தது. திரைப்படம் அந்நிலைக்கு நம் கண்களைப் பழக்கியிருக்கிறது: அருங்காட்சியகத்தில் மின்னும் கவசத்தைப் போலியென ஐயுறுகிறோம், துருவேறியதை உடனே நம்புகிறோம்.

ஆகவே தேய்மானத்தைச் சான்றாகக் கொள்ளுமுன், ‘இது எவ்வளவு பழையது?’ என்று கேட்பது போதாது. ‘இந்த மேற்பரப்பைக் கடைசியாகத் தொட்டவர் யார், எதற்காகத் தொட்டார்?’ என்றும் கேட்கவேண்டும். போபா ஃபெட்டின் தலைக்கவசத்தைப் பொறுத்தவரை இவ்வினாவுக்குப் பெயரும் ஆண்டும் நோக்கமும் விடையாகக் கிடைக்கின்றன. காட்சிப்பேழைகளில் உள்ள எத்தனை பொருள்களுக்கு அவ்வாறு கிடைக்கும்?