தரங்கம்பாடிப் போதகரும் கோபன்ஹேகன் சங்கத்தாரும்

போதகரின் ஊழியத்தைச் சபையார் அளந்து பார்ப்பது இன்று தோன்றிய வழக்கன்று. டென்மார்க்கு மன்னர் நான்காம் பிரெடரிக்கு அனுப்ப, 1706-ஆம் ஆண்டில் தரங்கம்பாடிக்கு வந்து சேர்ந்த சீகன்பால்கு ஐயர் இதற்குப் பழைய சான்று.

1714-இல் கோபன்ஹேகனில் மன்னர் நிறுவிய மிஷன் சங்கத்திற்கு வெண்ட் என்பார் செயலாளராய் இருந்தார். அவர் இந்திய மண்ணை மிதித்தவரல்லர். ஆயினும் போதகர் எங்ஙனம் ஒழுகவேண்டும் என்பதில் அவருக்கு ஐயமே இல்லை. ஆதி அப்போஸ்தலரைப் போல் ஊரூராய்ச் சென்று உபதேசித்தல் வேண்டும். கோயில், பள்ளி, பணம் என்பவற்றில் கருத்தைச் செலுத்தலாகாது என்றார்.

சீகன்பால்கு செய்ததோ வேறு. தமிழைக் கசடறக் கற்றார், பள்ளிகள் வைத்தார், புதிய ஏற்பாட்டைத் தமிழில் பெயர்த்து 1715-க்குள் அச்சிட்டு முடித்தார், 1718-இல் புதிய எருசலேம் ஆலயத்தை எழுப்பினார். வெண்டின் கண்ணுக்கு இவை செலவாகவே பட்டன. கண்டனக் கடிதங்கள் கப்பலேறின.

செலவான பணம் ஐரோப்பிய அடியார் ஈந்த காணிக்கை. அதற்குக் கணக்குக் கேட்டல் சங்கத்தாரின் கடமையே. ஆனால் வகுப்பறையைப் பாராமலே ஆசிரியருக்கு மதிப்பெண் இடுவார் உண்டோ? பாய்க்கப்பலில் மறுமொழி போய்ச் சேரப் பல மாதங்கள் செல்லும். அதற்குள் குற்றச்சாட்டே தீர்ப்பாகிவிடும்.

உடல் நலிந்திருந்த ஐயரை அக்கடிதங்கள் மேலும் வருத்தின. 1719 பிப்ரவரி 23-இல், 36-ஆம் வயதில் மறைந்தார். உடன் உழைத்த கிரண்ட்லரும் மறு ஆண்டே இறந்தார்.

வெண்டுக்குப் பிடிக்காத அவ்வாலயம் தரங்கம்பாடியில் இன்றும் நிற்கிறது. சீகன்பால்கு அடக்கமானதும் அதனுள்ளேதான்.