ஒலியும் மௌனமும்: பழைய மோட்டார்க் காரின் தட்டொலி குறித்த ஒரு வரலாற்று நோக்கு

1

மருத்துவத்தில் நாடி பார்த்தலும் மார்பில் காது வைத்துக் கேட்டலும் நோய்நிதானத்தின் வழிகளாக அமைந்தமை போலவே, பழைய மோட்டார்க் காரின் பழுதறியும் தொழிலில் செவியே முதற் கருவியாக அமைந்தது. இன்றைய கார்களில் எஞ்சினின் நிலையை உணர்கருவிகள் பதிந்து கணினிக்கு அறிவிக்கின்றன. 1940களின் பிற்பகுதியிலும் 1950களிலும் பிரித்தானியாவிலிருந்து இலங்கைக்கு வந்த ஒஸ்ரின் ஏ-40, மொறிஸ் மைனர் முதலியவற்றில் அத்தகைய ஏற்பாடு எதுவுமிருக்கவில்லை. அவை தம் குறையைப் பெரும்பாலும் ஒலியாலேயே வெளியிட்டன. அவ்வொலியை யார் கேட்டனர், அதன் காரணத்தை எங்கே கண்டனர், அதனை அடக்க எவ்வழியை நாடினர் என்னும் வினாக்கள் தொழினுட்பத்தோடு நின்றுவிடுபவையல்ல. சமூக வரலாற்றுக்கும் உரியவை. ஒலி அடங்குவதும் பழுது தீர்வதும் ஒன்றல்ல என்பதை அவ்வரலாற்றின் துணைகொண்டு விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2

கைதேர்ந்த தொழிலாளி எஞ்சினின் ஓசையை அதன் தன்மை, வேகம், தோன்றும் சூழ்நிலை என்னும் மூன்று குறிகளால் இனங்காண்பார். நான்கு அடிப்பு எஞ்சினில் கிராங் தண்டு இருமுறை சுழலும்போது ஒவ்வொரு வால்வும் ஒருமுறையே திறக்கும். எனவே ரப்பெற் இடைவெளி மிகும்போது கேட்கும் மெல்லிய ‘டிக் டிக்’ ஓசை எஞ்சின் சுழற்சியின் பாதி வேகத்திலேயே வரும். பிஸ்டன் உருளைச் சுவரில் மோதும் ஓசை, எஞ்சின் குளிர்ந்திருக்கையில் மிகுந்து சூடேறியபின் தணியும். பிஸ்டனைக் கிராங் தண்டோடு இணைக்கும் கோலின் பெரிய முனைப் பெயரிங் தேய்ந்தால் கூரிய தட்டல் எழும். பிரதான பெயரிங் தேய்ந்தால் பாரம் ஏறும்போது அடியிலிருந்து கனத்த அதிர்வொலி எழும். ஏற்றத்தில் வேகமூட்டும்போது சிறு உலோகக் குண்டுகளைத் தகரத்தில் கொட்டினாற்போல ஒலிப்பது இவற்றினின்றும் வேறானது. அது உறுப்புத் தேய்வால் எழுவதன்று. எரிபொருள் எரியும் முறையால் எழுவது.

இவற்றைப் பிரித்தறிதற்கு எளிய சோதனைகள் இருந்தன. ஒவ்வோர் உருளையின் பிளக் இணைப்பையும் முறையே துண்டித்துப் பார்க்கையில் எதன்போது பெயரிங்கின் தட்டல் குறைகின்றதோ அவ்வுருளையே ஐயத்துக்குரியதாகும். நீண்ட ஸ்குறூட்ரைவரின் நுனியை எஞ்சினில் ஊன்றி அதன் பிடியைக் காதோடு அணைத்துக் கேட்பதும் வழக்கம். 1816இல் பிரெஞ்சு மருத்துவர் லெனெக் கண்டறிந்த மார்பொலிக் குழாயின் தத்துவமும் இதுவே. எனினும் மருத்துவரின் கேட்டல் பல்கலைக்கழகக் கல்வியாயிற்று. தொழிலாளியின் கேட்டல் கராஜ் வாயிலைத் தாண்டவில்லை.

3

மேற்கூறிய ஒலிகளுள் எரிபொருளால் எழும் தட்டொலியே உலக வரலாற்றில் பெரும் விளைவுகளை ஏற்படுத்தியது. 1912இல் கடிலாக் கார்களில் மின்விசையால் முடுக்கும் முறையும் புதிய தீப்பொறி அமைப்பும் புகுத்தப்பட்டபோது, தட்டொலிக்குக் காரணம் அவ்வமைப்பே எனப் பலர் குறைகூறினர். அதனை வடிவமைத்த சார்ல்ஸ் கெற்றறிங்கின் ஆய்வுகூடத்தில் 1916 முதல் தோமஸ் மிட்ஜ்லி இதனை ஆராய்ந்தார். இங்கிலாந்தில் ஹறி றிக்காடோவும் இதே பிரச்சினையில் ஈடுபட்டார். தீப்பொறி எழுந்தபின், இன்னும் எரியாதிருக்கும் கலவை திடீரெனத் தானே பற்றிக்கொள்வதால் ஏற்படும் அமுக்க உயர்வே இவ்வொலி என்பது தெளிவாயிற்று. எனவே நோய் தீப்பொறி அமைப்பில் இல்லை, எரிபொருளில் இருந்தது.

நிதானம் சரியானது, சிகிச்சையோ வேறு நலன்களால் தீர்மானிக்கப்பட்டது. எதைல் அற்ககோல் தட்டொலியைத் தணிக்கும் என்பதை அதே ஆய்வாளர் அறிந்திருந்தனர். ஆனால் எவரும் வடிக்கக்கூடிய அற்ககோல் எந்நிறுவனத்துக்கும் தனியுரிமை தராது. 1921 டிசெம்பரில் நாலெதைல் ஈயத்தின் ஆற்றல் கண்டறியப்பட்டது. 1923 பெப்ரவரியில் ஒகையோ மாநிலத்தின் டேற்றன் நகரில் அது முதன்முதலாக விற்பனைக்கு வந்தது. 1924இல் ஜெனரல் மோட்டோர்ஸும் நியூ ஜேர்சி ஸ்ரான்டர்ட் ஒயிலும் இணைந்து எதைல் நிறுவனத்தை அமைத்தன. விற்பனைப் பெயரில் ‘ஈயம்’ என்னும் சொல் இடம்பெறாமை மனங்கொளத்தக்கது.

அதே ஆண்டு ஒக்ரோபரில் நியூ ஜேர்சியின் பேவே ஆலையில் இதனைத் தயாரித்த தொழிலாளர் ஐவர் சித்தப்பிரமையுற்று இறந்தனர். முன்னரே ஈய நஞ்சினால் ஓய்வெடுக்க நேர்ந்திருந்த மிட்ஜ்லி, அம்மாதமே பத்திரிகையாளர் முன்னிலையில் அத்திரவத்தில் கைகழுவிக் காட்டினார். விற்பனை தற்காலிகமாக நிறுத்தப்பட்டது. 1925 மே மாதம் வாஷிங்டனில் கூடிய மாநாட்டில் தொழில்சார் மருத்துவ அறிஞர் அலிஸ் ஹமில்ற்றன் போன்றோர் எதிர்ப்புத் தெரிவித்தனர். ஆயினும் 1926இல் தடைக்குப் போதிய ஆதாரமில்லை எனக் குழுவொன்று முடிவுசெய்ய, விற்பனை மீண்டும் தொடங்கியது. எஞ்சின் மௌனமாயிற்று, ஈயம் காற்றில் கலந்தது. 1965இல் புவிஇரசாயனவியலாளர் கிளெயர் பற்றர்சன் மனித உடலிலும் சூழலிலும் ஈயம் இயற்கை அளவைக் கடந்து பெருகியுள்ளமையை எடுத்துக்காட்டினார். இலங்கையில் ஈயப் பெற்றோல் 2002இலும், இறுதியாக அல்ஜீரியாவில் 2021இலும் கைவிடப்பட்டது.

4

இதே தட்டொலிக்கு ஈழத்து வரலாற்றில் வேறோர் அத்தியாயமும் உண்டு. 1960களின் தொடக்கத்திலிருந்து அந்நியச் செலாவணி நெருக்கடியால் கார் இறக்குமதி கடுமையாகக் கட்டுப்படுத்தப்பட்டது. 1977இன் பொருளாதார மாற்றம் வரையில் இருந்த கார்களையே திருத்தித் திருத்தி ஓட்டவேண்டியிருந்தமையால் திருத்துநரின் செவி மேலும் கூர்மையடைந்தது எனலாம்.

1990 ஜூனில் போர் மீண்டும் மூண்டதன்பின் வடக்கிற்குப் பெற்றோல் செல்வது தடைப்பட்டது. யாழ்ப்பாணத்தில் கார்களும் மோட்டார் சைக்கிள்களும் மண்ணெண்ணெயில் ஓடின. அதுவும் தட்டுப்பாடான, விலையேறிய பண்டமாகவே இருந்தது. மண்ணெண்ணெய் எளிதில் ஆவியாகாது. ஆதலால் சிறிதளவு பெற்றோலால் எஞ்சினை முடுக்கிச் சூடேற்றியபின் மண்ணெண்ணெய்க்கு மாற்றினர். அதன் ஒக்ரேன் எண் மிகக் குறைவு. தட்டொலிக்கு எளிதில் இடந்தரும். ஒஸ்ரின் ஏ-40 போன்ற பழைய எஞ்சின்களோ கலவையை ஏறத்தாழ ஏழில் ஒரு பங்காகவே நெருக்குபவை. காலங்கடந்தது எனப்பட்ட இத்தன்மையே அவற்றுக்கு இவ்வெரிபொருளைத் தாங்கும் ஆற்றலை அளித்தது.

மிட்ஜ்லியின் ஆய்வுகூடத்தைப் போலன்றி, இங்கு தட்டொலியைக் கேட்டவர்க்கு எரிபொருளைத் தெரிவுசெய்யும் வாய்ப்பு இருக்கவில்லை. டிஸ்ரிபியூற்றரைச் சிறிது திருப்பித் தீப்பொறியைத் தாமதப்படுத்துவதே கைக்கெட்டிய பரிகாரம். அதனால் தட்டொலி தணியும், வலுவும் குன்றும், சூடு மிகும். எரியாத மண்ணெண்ணெய் பிஸ்டன் வளையங்களைக் கடந்து ஒயிலில் கலந்து அதனை ஐதாக்கும். காலப்போக்கில் பெயரிங்குகள் தேய, மேலே அடக்கப்பட்ட ஒலி கீழே கனத்த அதிர்வொலியாக வெளிப்படும். ஒயிலை அடிக்கடி மாற்றினால் இது தவிர்க்கப்படும். ஆனால் தடைக்காலத்தில் ஒயிலும் எளிதிற் கிட்டும் பொருளன்று. பழுதின் வேர் எஞ்சினுள் இருக்கவில்லை, அரசியலில் இருந்தது.

5

ஈயமற்ற பெற்றோலின் வருகை பழைய கார்களுக்குப் புதியதொரு குறியைத் தந்தது. அவற்றின் வார்ப்பிரும்புத் தலைப்பகுதியில் வெளியேற்றும் வால்வின் இருக்கையை ஈயப்படிவு தேய்வினின்றும் காத்துவந்தது. அப்படிவு இல்லாதபோது, நீடித்த வேகத்திலும் பாரத்திலும் இருக்கை அரிக்கப்பட்டு வால்வு உள்ளே அமிழும். அப்போது ரப்பெற் இடைவெளி கூடாது, குறையும். வழக்கமான ‘டிக் டிக்’ ஓசை நின்றுவிடும். அனுபவமற்றவர் இம்மௌனத்தை நலம் எனக் கொள்வர். முதிர்ந்த தொழிலாளியோ ஐயுறுவார். ஏனெனில் இடைவெளி முற்றும் மறைந்தால் வால்வு சரிவர மூடாது கருகும். கடினமான இருக்கை வளையங்களைப் பொருத்துவதே இதற்கு நிலையான பரிகாரமாகும்.

6

தட்டொலி ஈயத்தால் அடக்கப்பட்டபோது அதன் விலையை ஆலைத் தொழிலாளரும், பின்னர் நகரத்துச் சிறுவரும் செலுத்தினர். யாழ்ப்பாணத்தில் அதே ஒலி தணிக்கப்பட்டபோது அதன் விலையைத் தடைக்குட்பட்ட மக்கள் செலுத்தினர். இன்று வால்வு ஓசையின்றி அமிழ்வதும் இவற்றோடு சேர்த்து நோக்கத்தக்கது. ஒலியை அடக்குமுன் அது எதனைச் சொல்கின்றது என்று கேட்டல் வேண்டும். அதனை அடக்குவதால் யார் பயன்பெறுகின்றனர் என்றும் கேட்டல் வேண்டும். முதல் வினாவுக்கு விடைகூறும் அறிவு நம்மிடையே கராஜ்களில், குருவிடமிருந்து சீடனுக்குக் கைமாறி வந்துள்ளது. அவ்வறிவைத் தாங்கிய தலைமுறை முதுமையெய்திவிட்டது. தடைக்காலத்தின் பொருளாதார வரலாற்றை எழுத முற்படும் நம் ஆய்வாளர், புள்ளிவிபரங்களோடு அம்முதியோரின் வாய்மொழியையும் காலந்தாழ்த்தாது பதிவுசெய்தல் அவசியமாகும்.