ஆகாயத்தின் கடிவாளம் யார் கையில்?

2007ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் வன்னிப் பெருநிலப்பரப்பின் பெயர் சர்வதேசச் செய்மதித்துறையினரின் வாயில் அடிபட்டது. விடுதலைப் புலிகள் 2005ஆம் ஆண்டு முதல் நடத்திவந்த தமிழீழத் தேசியத் தொலைக்காட்சி, இன்ரெல்சாற் - 12 என்ற செய்மதியில் வெற்றாகக் கிடந்த ஓர் அலைமாற்றியை அனுமதியின்றிப் பயன்படுத்துவதாக இலங்கை அரசாங்கம் வாஷிங்ரனில் முறையிட்டது. தாம் எவருக்கும் அனுமதி வழங்கவில்லை என்றது செய்மதி நிறுவனம். புலிகள் குற்றச்சாட்டை மறுத்தனர். அம்மாதத்திலேயே குறித்த அலைமாற்றி நிறுத்தப்பட்டது.

செய்மதியையே கடத்திவிட்டார்கள் என்ற தொனியில் அன்று சில ஊடகங்கள் எழுதின. அது சரியன்று. ஒரு செய்மதியின் வழியே பேசுவது வேறு. அச்செய்மதியுடன் பேசுவது வேறு. இந்த வேறுபாட்டை விளங்கிக்கொள்ளத் தரைக் கட்டுப்பாட்டு நிலையங்கள் என்ன செய்கின்றன என்பதைச் சற்று நோக்க வேண்டும்.

நிலநடுக்கோட்டுக்கு மேலே 35,786 கிலோமீற்றர் உயரத்தில் ஒரு செய்மதியை நிறுத்தினால் அது பூமியுடன் ஒத்துச் சுழன்று, பார்ப்பவருக்கு அசையாது நிற்பதாகவே தோன்றும். இப்பாதையைத் தொடர்பாடலுக்குப் பயன்படுத்தலாம் என்று 1945இல் எழுதிய ஆதர் சி. கிளார்க், பின்னாளில் இலங்கையையே தமது வதிவிடமாக்கிக்கொண்டு 2008இல் இங்கேயே மறைந்தார் என்பது நம்மவர் அறிந்ததே. இன்ரெல்சாற் - 12 கிழக்கு நெடுங்கோடு 45 பாகையில், சோமாலியக் கரைக்கு அப்பாலுள்ள கடலுக்கு மேலே நின்றது. ஆகவே அதனை நோக்கிய அன்ரனாக்கள் வன்னியில் மேற்குத் திசையைப் பார்த்தே நிமிர்ந்திருக்க வேண்டும்.

'அசையாது நிற்கும்' என்பது ஒரு பேச்சுக்குத்தான். சந்திரனும் சூரியனும் அதனை வடக்குத் தெற்காக இழுக்கின்றன. பூமியின் நிலநடுக்கோடு சரியான வட்டமாக இல்லாமையால் கிழக்கு மேற்காகவும் அது வழுகும். ஏறக்குறைய 75 கிலோமீற்றர் அகலமான ஒரு கற்பனைப் பெட்டிக்குள் அதனை வைத்திருப்பதே கட்டுப்பாட்டு நிலையத்தின் நாளாந்தப் பணி. தூரத்தையும் திசையையும் அளந்து, வழுகலைக் கணித்து, செய்மதியின் சிறிய உந்திகளைச் சில கணங்கள் எரியவிடுகின்றனர். அந்த எரிபொருள் தீர்ந்தால் செய்மதியின் ஆயுளும் தீர்ந்தது. ஆகவே இறுதித் துளிகளைக் கொண்டு அதனைச் சில நூறு கிலோமீற்றர் மேலே தள்ளி ஓய்வுபெற வைப்பது வழக்கம். அவ்வாறு தள்ளப்படாது கைவிடப்பட்டவற்றுள் பல, கிழக்கு நெடுங்கோடு 75 பாகையை மையமாக வைத்து ஊஞ்சல்போல ஆடிக்கொண்டிருக்கின்றன. நமது தீவுக்குச் சற்று மேற்கே உள்ள நெடுங்கோடு அது; அங்குதான் ஈர்ப்பின் பள்ளம் ஒன்று அமைந்துள்ளது!

இத்துடன் செய்மதி தன் உடல்நிலையை இடையறாது தரைக்கு அறிவித்தவண்ணம் இருக்கும். மின்கலங்களின் அளவு, கருவிகளின் வெப்பம், உந்திகளின் அமுக்கம் எனப் பல்லாயிரம் அளவீடுகள் வந்து சேரும். மார்ச், செப்ரெம்பர் மாதங்களை ஒட்டிய வாரங்களில் அது நாளொன்றுக்கு அதிகபட்சம் 72 நிமிடங்கள்வரை பூமியின் நிழலுக்குள் போகும். அப்போது மின்கலங்களே துணை.

கட்டளைகள் சங்கேதக் குறியீட்டில் செல்லும். சாவி இல்லாதவருக்குச் செய்மதி செவிசாய்க்காது. அலைமாற்றியோ அப்படியன்று. குறித்த அலைவரிசையில் எது மேலே வந்தாலும் அதனைப் பெருக்கி வேறொரு அலைவரிசையில் கீழே அனுப்பும். அனுப்பியவர் சந்தாதாரரா, அயலாரா என்று அது கேட்பதில்லை. வன்னியைப் பற்றிய குற்றச்சாட்டு இந்தக் கதவைப் பற்றியதே. கட்டுப்பாட்டு அறையின் சாவி எக்கணத்திலும் நிறுவனத்தின் கையிலேயே இருந்தது. அதனாலன்றோ ஒரு கட்டளையில், ஒரு விநாடிக்கும் குறைவான பயணத்தில், அந்த அலைமாற்றி அணைந்தது!

சாவி உரியவர் கையிலிருந்தும் பயனற்றுப்போவதுண்டு. 2010 ஏப்ரலில் இதே நிறுவனத்தின் கலக்ஸி - 15 செய்மதி கட்டளைகளுக்குப் பணிய மறுத்தது. அலைமாற்றிகள் எரிந்தபடியே அயற் செய்மதிகளின் பாதையில் அது மாதக்கணக்கில் மிதந்து சென்றது. மின்கலம் வற்றித் தானாக மீளியங்கிய பின்னர், டிசெம்பர் மாத இறுதியிலேதான் அது வழிக்கு வந்தது.

நம் நாட்டின் நிலை யாது? பாதுக்க தரை நிலையம் 1970களிலிருந்து சர்வதேசச் செய்மதிகள் வழியே தொலைபேசி அழைப்புகளைக் கடத்திவந்தது. 2019இல் விண்வெளிக்குச் சென்ற ஏறத்தாழ ஒரு கிலோ எடையுள்ள ராவணா - 1, கட்டுபெத்தையிலுள்ள ஆதர் சி. கிளார்க் நிறுவகத்தின் பங்களிப்புடன் உருவானது. 2021இல் வளிமண்டலத்துள் எரிந்துபோனது. இந்தியா 2017இல் ஏவிய தெற்காசியச் செய்மதியின் கடிவாளம் கர்நாடகத்தின் ஹாசனில் இருக்கின்றது. 2025இல் இங்கு சேவையைத் தொடங்கிய ஸ்டார்லிங்கின் கடிவாளமும் அமெரிக்க நிறுவனமொன்றின் கையிலேயே. மொத்தத்தில் நாம் அலைமாற்றிகளின் வாடிக்கையாளர்.

எனினும் வன்னியைப் பொறுத்தவரை செய்மதி என்பதன் பொருள் தொலைக்காட்சியுடன் முடிந்துவிடவில்லை. படம்பிடிக்கும் செய்மதிகள் 500 முதல் 800 கிலோமீற்றர் உயரத்திலேயே சுற்றுகின்றன. கிளிநொச்சியிலிருந்து வவுனியா வரையான தூரத்தை அவை ஏறத்தாழ பத்து விநாடிகளில் கடந்துவிடும். ஒரு தரை நிலையத்தின் பார்வையில் அவை தங்குவது பத்துப் பதினைந்து நிமிடங்கள் மாத்திரமே. அதற்குள் உடல்நிலையைக் கேட்டறிந்து, அடுத்த சுற்றில் எந்தக் கணத்தில் எந்தப் பக்கம் சரிந்து எதனைப் படமெடுக்க வேண்டும் என்ற பட்டியலை ஏற்றி, முன்னர் எடுத்த படங்களை இறக்கிக்கொள்ள வேண்டும். துருவங்களை அண்டிய நிலையங்களுக்கு மதிப்பு அதிகமாயிருப்பது, பெரும்பாலான சுற்றுகளும் அப்பக்கமாகவே செல்வதனால்தான்.

2009இல் ஊடகவியலாளரும் தொண்டு நிறுவனங்களும் உட்செல்ல முடியாதிருந்த முல்லைத்தீவுக் கரையோரத்தை இவ்வாறு பட்டியலிட்டுப் படமெடுத்தனர். கடலுக்கும் நந்திக்கடலுக்கும் இடைப்பட்ட மணற்பரப்பில் கூடாரங்கள் நெருங்கிக் கிடப்பதைக் காட்டும் படங்களை ஏப்ரலில் அமெரிக்க இராஜாங்கத் திணைக்களம் வெளியிட்டது. ஐ.நா.வின் செய்மதிப் பிரிவான யுனோசாற் சேதங்களை ஆராய்ந்தது. அமெரிக்க விஞ்ஞான முன்னேற்றச் சங்கம் மே 6ஆம், 10ஆம் திகதிகளின் படங்களை ஒப்பிட்டு, அழிந்த கட்டடங்களையும் குழிகளையும் இடம்பெயர்ந்த கூடாரங்களையும் குறித்துக் காட்டியது. ஐ.நா. செயலாளர் நாயகத்தின் நிபுணர் குழு 2011இல் வெளியிட்ட அறிக்கையிலும் செய்மதிப் படங்கள் இடம்பெற்றன.

படம் எடுத்தவர்களால் அம்மக்களுக்கு ஒரு பிடி அரிசியோ ஒரு கட்டுத் துணியோ இறக்க முடியவில்லை என்பதை நாம் மறக்கவில்லை. அதிகாரம் படைத்த தலைநகரங்கள் அதிகாலைச் செய்திபோல அவற்றைப் பார்த்துக்கொண்டிருந்தன.

ஆனால் மறுக்கப்படும் எண்ணிக்கைகளுக்கும் மறுக்கப்படும் திகதிகளுக்கும் நடுவே அப்படங்களுக்கு ஒரு வலு உண்டு. அது புகைப்படத்தின் கூர்மையால் மாத்திரம் வந்ததன்று. செய்மதி அந்தக் கணத்தில் எங்கே நின்றது, எப்பக்கம் சரிந்திருந்தது, அதன் கடிகாரம் என்ன காட்டியது என்பவையெல்லாம் ஒவ்வொரு படத்துடனும் சேர்த்துப் பதியப்பட்டுள்ளன. வட்டுவாகல் மணலில் ஒரு குழி மே 6ஆம் திகதி இருந்ததா, 10ஆம் திகதிக்குள் தோன்றியதா என்று எவரும் வாதிட வந்தால், அவர் முதலில் அந்தப் பதிவேட்டுக்குப் பதில் சொல்லவேண்டியிருக்கும்.