பாஞ்சாலங்குறிச்சி மண்கோட்டை

மட்டக்களப்பு வாவிக்கரையிலே, புளியந்தீவின்கண், போர்த்துக்கேயர் 1628இல் எழுப்பி, பத்தாண்டுகளின் பின் ஒல்லாந்தர் கைக்கொண்ட கற்கோட்டை இன்றும் நிற்கின்றது. நாள்தோறும் அதனைக் காணும் நம்மனோர்க்கு ஒரு வினா எழுதல் கூடும். வந்தேறியவர் கோட்டை நிலைபெற, அவரை எதிர்த்தோர் வாழ்ந்த மனைகள் யாண்டுச் சென்றன? விடை தேடுவோர் கடல் கடந்து, தூத்துக்குடி மாவட்டத்து ஒட்டப்பிடாரத்தை அடுத்த பாஞ்சாலங்குறிச்சிக்குச் செல்லுதல் வேண்டும்.

கும்பினியாரின் கப்பத்தை மறுத்த பாளையக்காரன் வீரபாண்டிய கட்டபொம்மனின் இருப்பிடம் அது. 1799 செப்டெம்பரில் பானர்மன் படையொடு வந்து தாக்கினான். கட்டபொம்மன் பிடிபட்டு, ஒக்டோபர் 16ஆம் நாள் கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்டான். கோட்டை இடிக்கப்பட்டது. கதை அம்மட்டில் முடிந்ததென்றே ஆங்கிலேயர் எண்ணினர்.

1801 பிப்பிரவரி 2இல் தம்பி ஊமைத்துரை பாளையங்கோட்டைச் சிறையினின்று தப்பினான். சில நாட்களில் ஆங்கிலப் படை அங்குச் சென்றபொழுது, தரைமட்டமான கோட்டை மீண்டும் எழுந்து நின்றது! இது மாயமன்று. ஏறக்குறைய ஐந்நூறு அடி நீளமும் முந்நூறு அடி அகலமுமுடைய அவ்வரண் முற்றும் மண்ணாலாயது; பிசுபிசுப்பும் இறுக்கமும் உடைய அம்மண்ணைப் போரிற் பங்குகொண்ட வெல்சு என்னும் படைத்தலைவனே தன் நூலில் வியந்துரைக்கின்றான். கற்கோட்டைக்குக் கற்றச்சரும் பொருளும் பல்லாண்டுகளும் வேண்டும். மண்கோட்டைக்கு ஊர்மக்களின் கைகளே போதும். மார்ச்சு 31இல் நிகழ்ந்த தாக்குதல் முறியடிக்கப்பட்டமைக்கு வீரம் ஒருபுறமிருக்க, இம்மண்ணும் ஒரு காரணமென்பது எம் கருத்து.

பெரும் பீரங்கிகளொடு வந்த அக்னியூ மே 24இல் கோட்டையைக் கைப்பற்றினான். தப்பிச் சென்று மருது சகோதரரொடு சேர்ந்த ஊமைத்துரையும் நவம்பர் 16இல் அவ்வூரிலேயே தூக்கிலிடப்பட்டான். இம்முறை இடித்தல் போதாதெனக் கண்டனர் போலும். கோட்டை நிலம் உழப்பட்டது. ஆமணக்கு விதைக்கப்பட்டது என்பர். ஊரின் பெயரும் அரசாங்கப் பதிவேடுகளினின்று நீக்கப்பட்டது. எளிதில் எழவல்ல மண்சுவர் எளிதில் மறையவும் வல்லதாயிற்று.

இன்று ஆங்குச் செல்வோர் காணும் கோட்டை 1974இல் தமிழ்நாட்டு அரசு எழுப்பிய நினைவுக் கட்டடமேயாம். அதனைப் பழைய அரணென மயங்கும் மாணாக்கர் பலர். அகழ்ந்து வெளிப்படுத்திய அரண்மனை அடித்தளங்கள் அயலிலே தாழ்ந்து கிடக்கின்றன. அப்போரில் மாண்ட ஆங்கிலேயரின் கல்லறைகளும் தொலைவிலல்ல.