மறைந்த நாட்டின் முகவரி

யுகோஸ்லாவியா என்னும் நாடு எந்த நாளில் இல்லாமல் போயிற்று என்று கேட்டால் வரலாற்றாசிரியர்களிடம் ஒன்றுக்கு மேற்பட்ட விடைகள் கிடைக்கும். ஸ்லோவேனியாவும் குரோஷியாவும் விடுதலையை அறிவித்த 1991 ஜூன் 25 என்பார் உண்டு. எஞ்சியிருந்த செர்பியாவும் மாண்டினிக்ரோவும் தம் கூட்டரசின் பெயரிலிருந்து அந்தச் சொல்லைக் கைவிட்ட 2003 பிப்ரவரி 4 என்பாரும் உண்டு. இணையத்தைப் பொறுத்தவரை விடை ஒன்றே: 2010 மார்ச் 30. அந்நாட்டுக்கு வழங்கப்பட்டிருந்த 'டாட் ஒய்யூ' என்ற ஆள்களம் நீக்கப்பட்ட நாள் அது. நீக்கப்பட்டவை ஒரு கோப்பில் இருந்த சில வரிகள்தாம். அவ்வரிகளோடு ஒரு நாட்டின் இருபதாண்டு முகவரிகள் அத்தனையும் செல்லாதவையாயின.

அவ்வரிகள் என்ன செய்தன என்பதை அறிந்தால்தான் இந்த வரலாறு விளங்கும். கணினிகள் ஒன்றையொன்று எண்களால் அறிகின்றன. மனிதர்களுக்குப் பெயர் வேண்டியிருக்கிறது. பெயரை எண்ணாக மாற்றித் தரும் முறையை 1983 இல் பால் மொகாபெட்ரிஸ் வடிவமைத்தார். உலகத்துப் பெயர்கள் அனைத்தையும் ஒரே ஏட்டில் எழுதி வைக்காமல் பொறுப்பைப் படிப்படியாகப் பகிர்ந்து கொடுத்தது அவருடைய முறையின் சிறப்பு. உச்சியில் இருக்கும் வேர்க்கோப்புக்கு எந்த நிறுவனத்தின் முகவரியும் தெரியாது. "இந்த நாட்டைப் பற்றிய கேள்விகளை இன்னின்ன கணினிகளிடம் போய்க் கேள்" என்று கைகாட்டுவது மட்டுமே அதன் வேலை. அப்படிக் கைகாட்டப்படும் கணினிதான் நேம்செர்வர் எனப்படும் பெயர்வழங்கி. நம் ஊர்ப் பதிவேடுகளில் சொல்வதானால், வேர்க்கோப்பில் இருப்பது பட்டா அன்று. பட்டா எந்த அலுவலகத்தில் இருக்கிறது என்ற குறிப்பு.

பெயர்வழங்கியை மாற்றுவது பார்வைக்கு எளிய காரியம். பழைய கணினியின் பெயரை அழித்துப் புதியதன் பெயரை எழுதினால் போதும். ஆனால் மாற்றியவர்கள் பலரும் மறுநாள் தலையில் கைவைத்து உட்கார நேர்கிறது. பழுது பார்க்க வருபவர் மூன்று இடங்களைச் சோதிப்பார். முதலாவது, மேலிடம் யாரைக் கைகாட்டுகிறது? இரண்டாவது, கைகாட்டப்பட்ட கணினி "ஆம், இது என் பொறுப்புதான்" என்று விடை சொல்கிறதா? மேலிடம் ஒருவரைக் காட்ட, அவரோ பொறுப்பை அறியாதவராக இருந்தால் அதை நொண்டிக் கைகாட்டல் என்பது அத்துறையினர் வழக்கு. மூன்றாவது, வழியில் உள்ள கணினிகள் பழைய விடையை இன்னும் நினைவில் வைத்திருக்கின்றனவா? வேர்க்கோப்பு தரும் கைகாட்டலை 48 மணி நேரம் வரை நினைவில் வைத்துக்கொள்ளலாம் என்பது விதி. அதனால் மாற்றம் நிகழ்ந்த பின்னும் உலகின் ஒரு பகுதி பழைய வாசலிலேயே தட்டிக்கொண்டிருக்கும்.

யுகோஸ்லாவியாவின் கதையில் இந்த மூன்று பழுதுகளுக்கும் ஒத்தவை உண்டு. ஆனால் அவை மணிக்கணக்கில் தீராமல் ஆண்டுக்கணக்கில் நீண்டன.

டாட் ஒய்யூ 1989 இல் பிறந்தது. ஸ்லோவேனியத் தலைநகர் லியுப்லியானாவில் உள்ள யோசெஃப் ஸ்டெஃபான் ஆய்வுக்கழகத்தில் பணியாற்றிய போர்க்கா யெர்மன் பிளாஜிச் என்ற அறிவியலாளர், நாட்டின் பல்கலைக்கழகங்களைக் கணினி வலையால் இணைக்கும் முயற்சியில் முன்னின்றார். ஆள்களத்துக்கான பொறுப்பு அவர் வழியாக லியுப்லியானாவுக்கு வந்தது. வழங்கியவர் தென்கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் தகவல் அறிவியல் கழகத்தில் இருந்த ஜான் போஸ்டல். அக்காலத்தில் உலக நாடுகளின் ஆள்களங்களையெல்லாம் ஒப்படைக்கும் வேலை ஏறத்தாழ அவர் ஒருவருடைய மேசையில்தான் நடந்தது. அமைச்சகங்களின் முத்திரையை அவர் எதிர்பார்க்கவில்லை. பொறுப்பாக நடத்தக்கூடிய ஒருவர் அந்நாட்டில் இருக்கிறாரா என்பதே அவருடைய கேள்வியாக இருந்தது.

இரண்டே ஆண்டுகளில் நாடு உடைந்தது. ஸ்லோவேனியா தனி நாடாயிற்று. 1992 இல் அதன் கல்வி ஆய்வு வலையமைப்பான ஆர்னெஸ் தோன்றியது. அதற்கென டாட் எஸ்ஐ என்ற ஆள்களமும் வந்தது. ஆனால் டாட் ஒய்யூவின் பொறுப்பு லியுப்லியானாவிலேயே தங்கிவிட்டது. யுகோஸ்லாவியா என்ற பெயரை வைத்துக்கொண்ட நாட்டின் தலைநகர் பெல்கிரேடு. அப்பெயரின் இணைய முகவரிக்குச் சாவியோ, அந்நாட்டிலிருந்து பிரிந்து சென்றவர்களின் தலைநகரில். மேலிடம் கைகாட்டிய இடம் ஒன்று, உரிமை கோரியவர் இருந்த இடம் வேறு. இதைவிடப் பெரிய நொண்டிக் கைகாட்டல் இருக்க முடியாது.

பெல்கிரேடின் நிலை இன்னும் இடர்ப்பாடானது. 1992 மே 30 அன்று ஐ.நா. பாதுகாப்பு அவை நிறைவேற்றிய 757 ஆம் தீர்மானம் வணிகத்தோடு நிற்கவில்லை. அறிவியல், தொழில்நுட்ப ஒத்துழைப்பையும் தடைசெய்தது. போஸ்னியாவில் நடந்த கொடுமைகளுக்கு விடையாக வந்த தடை அது. அதற்கான நியாயத்தை யாரும் எளிதில் மறுக்க இயலாது. ஆயினும் அதன் சுமை போரை நடத்தியவர்களோடு நிற்காமல் பல்கலைக்கழக ஆய்வுக்கூடங்களின் மீதும் விழுந்தது.

1994 இல் போஸ்டல் ஒரு முடிவெடுத்தார். டாட் ஒய்யூவின் பொறுப்பு பெல்கிரேடு பல்கலைக்கழகத்துக்கு மாற்றப்பட்டது. மிர்யானா டாசிச் அதன் பொறுப்பாளரானார். அதே ஆண்டு மார்ச் மாதம் போஸ்டல் வெளியிட்ட 1591 ஆம் எண்ணுள்ள ஆவணம் இத்துறையின் அடிப்படை நூலாக இன்றும் கருதப்படுகிறது. எது நாடு, எது நாடு அன்று என்று தீர்மானிப்பது தம் வேலை இல்லை என்பதை அதில் தெளிவாக்கியிருந்தார். பன்னாட்டுத் தரநிர்ணய அமைப்பின் 3166 ஆம் பட்டியலில் ஒரு குறியீடு இருந்தால் ஆள்களம் உண்டு. அந்தப் பட்டியல் ஐ.நா. வழங்கும் நாட்டுப்பெயர்களைப் பின்பற்றுகிறது. தன் கையில் இருந்த அதிகாரத்தைத் தானே சுருக்கிக்கொண்ட மனிதர் என்று அவரைச் சொல்லலாம். ஆனால் பட்டியலில் பெயர் இருந்தால் வாழ்வு என்றால், பெயர் நீங்கினால் என்ன என்ற கேள்வியும் அந்த விதிக்குள்ளேயே இருந்தது.

கேள்வி விரைவில் எழுந்தது. 2003 இல் நாட்டின் பெயர் 'செர்பியாவும் மாண்டினிக்ரோவும்' என்று மாறியபோது, அதற்கு சிஎஸ் என்ற குறியீடு ஒதுக்கப்பட்டது. அதே குறியீடு முன்பு செக்கோஸ்லோவாக்கியாவுக்கு உரியது. அந்நாடு பிரிந்தபின் 1995 இல் டாட் சிஎஸ் வேர்க்கோப்பிலிருந்து நீக்கப்பட்டிருந்தது. இறந்தவரின் சட்டையை உயிரோடிருப்பவருக்குக் கொடுத்த கதை. அந்த ஆள்களம் புதிய நாட்டுக்காக இயங்கவே இல்லை. மக்கள் டாட் ஒய்யூவிலேயே தொடர்ந்தார்கள். 2006 இல் மாண்டினிக்ரோவும் பிரிந்தது. 2007 செப்டம்பரில் செர்பியாவுக்கு டாட் ஆர்எஸ், மாண்டினிக்ரோவுக்கு டாட் எம்ஈ என ஒப்படைக்கப்பட்டன. டாட் ஒய்யூவை மூடும் பொறுப்பு செர்பியாவின் புதிய பதிவகத்துக்கு வந்தது. 2009 செப்டம்பரில் மூடுவதாக இருந்தது, ஆறு மாதம் தள்ளிப்போயிற்று. முப்பத்திரண்டாயிரத்துக்கு மேல் இருந்த பெயர்களில் நாலாயிரத்துச் சொச்சம் 2009 ஆம் ஆண்டின் நடுவிலும் அங்கேயே இருந்தன.

இந்த இடத்தில் மூன்றாவது பழுது வருகிறது. கணினிகளின் நினைவு 48 மணி நேரத்தில் அழிந்துவிடும். மனிதர்களின் நினைவும் காகிதங்களின் நினைவும் அப்படியல்ல. ஆய்வுக் கட்டுரைகளின் அடிக்குறிப்புகளில், நூல்களின் பின்னட்டைகளில், புலம்பெயர்ந்தோரின் முகவரிக் குறிப்பேடுகளில் டாட் ஒய்யூ அச்சாகியிருந்தது. அவற்றைத் திருத்த எந்தப் பதிவகத்தாலும் இயலாது. போரும் தடையும் ஆட்சிமாற்றமும் நிகழ்ந்த காலத்தில் அந்நாட்டு நிறுவனங்கள் தங்களைப் பற்றி எழுதிவைத்த பக்கங்கள் அந்த முகவரிகளில் இருந்தன. சில பக்கங்கள் புதிய முகவரிக்குக் குடிபெயர்ந்தன. வேறு சில இணைய ஆவணக் காப்பகத்தில் படிகளாகக் கிடைக்கின்றன. ஆனால் பழைய முகவரியை முன்பே அறிந்தவரே அவற்றை எளிதில் தேடி எடுக்க முடியும். எஞ்சியவற்றுக்கு வழியில்லை. கட்டடம் இடிந்தால் இடிபாடாவது மிஞ்சும். இங்கே வாசல் இருந்த இடமே தெரியவில்லை.

டாட் ஒய்யூவை மூடியது தவறு என்று நான் சொல்லமாட்டேன். இல்லாத நாட்டின் பெயரில் முகவரி நடத்துவதிலும் சிக்கல்கள் உண்டு. சோவியத் ஒன்றியத்தின் டாட் எஸ்யூ, அந்த ஒன்றியம் கலைந்து பல பத்தாண்டுகள் கழிந்தும் இயங்கிவருவதையும், அதைச் சுற்றி நடக்கும் முறைகேடுகள் பற்றிய புகார்களையும் அத்துறையினர் அறிவர். பிழை மூடியதில் இல்லை. மூடுவதற்கு முன் சேமிக்க வேண்டும் என்பதை யாருடைய கடமையாகவும் விதிக்காததில் இருக்கிறது. 2022 இல்தான் நாட்டு ஆள்களங்களை ஓய்வுபெறச் செய்வதற்கு முறையான கொள்கை ஒன்றை ஐகான் அமைப்பு ஏற்றது. பட்டியலிலிருந்து குறியீடு நீங்கினால் ஐந்தாண்டு அவகாசம் என்று அது வகுக்கிறது.  ஆனால் அவகாசம் என்பது பெயரை மாற்றிக்கொள்ளக் கொடுக்கப்படும் நேரம்; நினைவைப் பாதுகாப்பதற்கான ஏற்பாடு அன்று.

சாகோஸ் தீவுகளை மொரீஷியஸுக்கு ஒப்படைக்க 2025 மே மாதம் பிரிட்டன் ஒப்பந்தம் செய்தபோது, அத்தீவுகளுக்குரிய டாட் ஐஓவின் எதிர்காலம் பற்றிய பேச்சு மறுபடி எழுந்தது. தொழில் நிறுவனங்கள் பல அந்த ஆள்களத்தில் கடை விரித்திருப்பதால் அதற்காகக் குரல் கொடுக்க ஆள் உண்டு. பெல்கிரேடு ஆய்வுக்கூடங்களின் பக்கங்களுக்கு அப்படி ஒருவரும் இருக்கவில்லை.